வான்விளிம்பைப் படம்பிடித்த பலூன்கள்

2009-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டர்பிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்து ஒரு பலூன் வானில் ஏறியது. அதனை ஏற்றியவர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மாணாக்கர் சிலர். பலூனின் அடியில் தொங்கியது, பானங்களின் குளிர்ச்சி குறையாமல் காப்பதற்குப் பயன்படும் சாதாரண நுரைப்பெட்டி. பெட்டியினுள் கடையில் வாங்கிய சிறு புகைப்படக் கருவி ஒன்று, கைப்பேசி ஒன்று, பனிக்காலத்தில் கைகளைச் சூடாக்கிக்கொள்ள உதவும் வெப்பப் பைகள் சில ஆகியவையே இருந்தன. ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுக்குமாறு அக்கருவி முடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பெட்டி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் உயரம் சென்று, பலூன் வெடித்தபின் வான்குடையின் துணையோடு உஸ்டர் நகர்ப்புறத்தில் இறங்கியது. கைப்பேசி தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க, மாணாக்கர் சென்று பெட்டியை எடுத்து வந்தனர். படங்களில் பகல் வானம் கருமையாகத் தெரிந்தது. பூமியின் விளிம்பு வளைந்திருந்தது. அவ்விளிம்பின்மீது காற்றுமண்டலம் மெல்லிய நீலக் கோடாகப் படிந்திருந்தது.

இம்முயற்சிக்கான செலவு 148 அமெரிக்க வெள்ளி என்று அம்மாணாக்கர் கணக்குக் காட்டினர். உலகெங்கும் செய்தித்தாள்கள் அத்தொகையைக் கண்டு வியந்தன. அரசாங்கங்களும் படைத்துறைகளும் பெருஞ்செல்வத்தைக் கொட்டிப் பெற்ற காட்சியை, மாணவர் தம் கைப்பணத்தில் பெற்றுவிட்டனரே என்னும் வியப்பு அது.

வியப்பு நியாயமானதே. ஆயினும் வரலாற்றைப் பயில்வோர் அத்தொகையோடு நின்றுவிடுதல் ஆகாது. அந்தப் படத்தின் உண்மையான விலை 148 வெள்ளிதானா? இவ்வினாவுக்கு விடை காண இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஏறிய மாந்தர்

1783-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் மோங்கோல்பியே உடன்பிறப்புகள் வெப்பக் காற்றினால் பலூனை எழுப்பிக் காட்டினர். அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் ஆடும், ஒரு வாத்தும், ஒரு சேவலும் வெர்சேல்ஸ் அரண்மனை வெளியிலிருந்து வானேறி மீண்டன. நவம்பர் 21-ஆம் நாள் மாந்தர் இருவர் முதன்முதலாகக் கட்டற்ற பலூனில் பாரிஸ் நகர்மீது மிதந்தனர். பத்தே நாள்களுக்குப் பின் டிசம்பர் 1-ஆம் நாள், ஜாக் சார்ல்ஸ் என்னும் அறிஞர் ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஏறினார். அவர் தம்முடன் காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் கொண்டு சென்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. வேடிக்கையாகத் தோன்றிய பலூன், பிறந்த ஆண்டிலேயே ஆய்வுக் கருவியாகவும் ஆகிவிட்டது.

புகைப்படக் கலை தோன்றியபின், உயரத்திலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் ஆவல் எழுந்தது. 1858-இல் நாடார் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர், பலூனில் ஏறி நிலக்காட்சியைப் படமாக்கினார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அம்மருந்து உலருமுன் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். அவ்வேலை முழுவதையும் ஆடும் கூடையினுள்ளே இருட்டறை அமைத்துச் செய்ய நேர்ந்தது. அவர் முதலில் எடுத்த படங்கள் இன்று இல்லை. 1860 அக்டோபர் 13-ஆம் நாள் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் பாஸ்டன் நகரைப் பலூனிலிருந்து எடுத்த படமே, இன்று எஞ்சியிருக்கும் வான்வழிப் புகைப்படங்களுள் மிகப் பழமையானது.

உயரம் கூடக்கூட ஆபத்தும் கூடியது. 1862 செப்டம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் ஜேம்ஸ் கிளெய்ஷர் என்னும் வானிலை அறிஞரும் ஹென்றி காக்ஸ்வெல் என்னும் பலூன் வல்லுநரும் ஏறினர். காற்று மெலிந்ததால் கிளெய்ஷர் நினைவிழந்தார். காக்ஸ்வெல்லின் கைகள் குளிரால் மரத்துப்போயின. அவர் வாயுவை வெளியேற்றும் கயிற்றைப் பற்களால் கவ்வி இழுத்துப் பலூனை இறக்கினார். அவ்வொரு செயலே இருவர் உயிரையும் காத்தது.

எல்லாருக்கும் அந்நல்வாய்ப்புக் கிட்டவில்லை. 1875 ஏப்ரல் 15-ஆம் நாள் பிரெஞ்சு நாட்டில் ‘செனித்’ என்னும் பலூனில் மூவர் ஏறினர். மூச்சுக்கு உதவும் ஆக்சிஜனைப் பைகளில் கொண்டு சென்றிருந்தும், அதனைத் தக்க நேரத்தில் எடுத்து நுகர அவர்களின் கைகள் எழவில்லை. ஆக்சிஜன் குறையும்போது உடல் வலிப்பதில்லை. அறிவே மெல்ல மங்குகிறது. ஆபத்து நெருங்குவதை உணரும் ஆற்றலே முதலில் அழிந்துவிடுகிறது. பலூன் தானாகத் தாழ்ந்து வந்தபோது குரோசே ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய இருவரும் உயிரிழந்திருந்தனர். உயிர் தப்பிய காஸ்தோன் திசாந்தியே செவிப்புலனை இழந்தார்.

மேல்வானை அறிய மாந்தன் தானே ஏறித்தான் ஆகவேண்டுமா என்னும் கேள்வியை இம்மரணங்கள் கூர்மையாக எழுப்பின.

ஆளின்றி ஏறிய கருவிகள்

அதற்குரிய விடையும் பிரெஞ்சு நாட்டிலேயே பிறந்தது. 1890-களின் தொடக்கத்தில் குஸ்தாவ் எர்மீத், ஜார்ஜ் பெசான்சோன் ஆகிய இருவரும் ஆளில்லாப் பலூன்களில் தாமே பதிவு செய்யும் கருவிகளை ஏற்றி அனுப்பினர். மாந்தன் உயிர் தரிக்க இயலாத உயரத்துக்கு அக்கருவிகள் சென்று மீண்டன.

தைசெராங் த போர் என்னும் அறிஞர் பாரிசுக்கு அருகில் திராப் என்னுமிடத்தில் ஆய்வுக்கூடம் அமைத்து, 200-க்கும் மேற்பட்ட பலூன்களை ஏற்றினார். மேலே செல்லச் செல்லக் குளிர் கூடிக்கொண்டே போகும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. ஆனால் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறைவது நின்றுவிடுவதை அவருடைய கருவிகள் காட்டின. கருவியில்தான் பிழையோ என்று அவர் ஐயுற்றார். கதிரவன் ஒளி கருவியைச் சூடாக்கியிருக்கலாம் என்றெண்ணி இரவிலும் பலூன்களை ஏற்றினார். எத்தனை முறை சோதித்தும் முடிவு மாறாமை கண்ட பின்னரே, 1902-இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்துக்கு அதனை அறிவித்தார். அடுக்கு வளிமண்டலம் இவ்வாறுதான் உலகுக்கு அறிமுகமாயிற்று. ஒரு முடிவை வெளியிடுமுன் தம் கருவியையே முதலில் ஐயுற்ற அப்பண்பு, மாணாக்கர் நெஞ்சில் பதியத்தக்கது.

அதே காலத்தில் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு அஸ்மான் ரப்பர்ப் பலூனைப் பயன்படுத்தத் தொடங்கினார். தாளாலும் துணியாலும் ஆன பலூன் ஓர் உயரத்தை அடைந்ததும் அங்கேயே மிதந்து, காற்றின் போக்கில் நெடுந்தொலைவு சென்றுவிடும். மூடிய ரப்பர்ப் பலூனோ ஏறயேற விரிந்து, முடிவில் வெடித்துவிடும். கருவி புறப்பட்ட இடத்துக்கு ஓரளவு அண்மையிலேயே விழும். இன்றைய வானிலைப் பலூன்கள் அனைத்தும் இக்கருத்தின் வழிவந்தவையே.

எனினும் ஒரு குறை இருந்தது. விழுந்த கருவி கைக்குக் கிடைத்தால்தான் பதிவைப் படிக்க இயலும். கருவியைக் கண்டெடுத்துத் தருவோர்க்குப் பரிசு உண்டு என்று சீட்டெழுதிக் கட்டி அனுப்புவது வழக்கமாயிற்று. மேல்வானைப் பற்றிய அறிவு, வயலில் உழுத குடியானவரின் நேர்மையையும் நம்பி வளர்ந்தது. அக்குறையை வானொலி நீக்கியது. 1929 ஜனவரியில் பிரெஞ்சு நாட்டின் ராபர்ட் பியூரோவும், 1930 ஜனவரியில் சோவியத் நாட்டின் பாவெல் மொல்சானோவும், அளந்ததை அப்போதைக்கப்போதே வானொலி அலையில் அனுப்பும் கருவியைப் பலூனில் ஏற்றினர். அக்கருவியே ரேடியோசோண்டு என்று பெயர் பெற்றது.

அரசுகளின் போட்டி

கருவிகள் ஏறிய பின்னரும், தன் கண்ணாலேயே காண வேண்டும் என்னும் வேட்கை மாந்தனை விடவில்லை. 1931 மே 27-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஆகஸ்டு பிக்காரும் அவருடைய துணைவர் பால் கிப்பரும், காற்றடைத்து மூடிய அலுமினியக் கோளத்தினுள் அமர்ந்து 15,781 மீட்டர் உயரம் சென்றனர். அதன்பின் உயரச் சாதனை நாடுகளின் மானப் போட்டியாயிற்று. 1934 ஜனவரி 30-ஆம் நாள் சோவியத் நாட்டின் ‘ஓசோவியாகிம்-1’ ஏறத்தாழ 22 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. இறங்கும்போது சிதைந்து வீழ்ந்ததில் மூவரும் மாண்டனர். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ‘எக்ஸ்புளோரர்’ பலூன் வானிலேயே கிழிந்தது. அதில் சென்ற மூவரும் வான்குடையால் குதித்து நூலிழையில் உயிர் தப்பினர்.

1935 நவம்பர் 11-ஆம் நாள் தெற்கு டகோட்டா மாநிலத்திலிருந்து ‘எக்ஸ்புளோரர்-2’ ஏறியது. அமெரிக்கப் படைத்துறையும் தேசியப் புவியியல் கழகமும் கூட்டாக நடத்திய முயற்சி அது. ஆல்பர்ட் ஸ்டீவன்ஸ், ஆர்வில் ஆண்டர்சன் ஆகிய இருவரும் 22,066 மீட்டர் உயரம் சென்று நலமாக மீண்டனர். பூமியின் வளைவு தெரியும் படம் ஒன்றை அவர்கள் கொண்டு வந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 அக்டோபர் 24-ஆம் நாள், ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய வி-2 ஏவுகணையில் அமெரிக்கர் படச்சுருள் கருவியைப் பொருத்தி 105 கிலோமீட்டர் உயரத்துக்குச் செலுத்தினர். ஏவுகணை நிலத்தில் மோதிச் சிதறியது. எஃகுப் பேழையில் வைத்த படச்சுருள் மட்டும் பிழைத்தது. விண்வெளியிலிருந்து எடுக்கப்பட்ட முதற்படம் அதுவேயாம்.

ஆர்வலர் கைக்கு வந்த வானம்

அரசும் படையும் ஆண்ட அவ்வெளியில் தனிமாந்தர் எவ்வாறு நுழைந்தனர்? வானொலியைப் பொழுதுபோக்காகப் பயின்ற ஆர்வலர்களே அவ்வழியைத் திறந்தனர். 1987 ஆகஸ்டு 15-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பில் பிரவுன் என்னும் வானொலி ஆர்வலர், வானிலைப் பலூனில் தம் ஒலிபரப்புக் கருவியைக் கட்டி ஏற்றினார். இக்கால ஆர்வலர் பலூன் இயக்கத்தின் தொடக்கமாக அந்நாளைக் கொள்வர்.

இறங்கும் பெட்டியைத் தேடுவதுதான் அவர்களுக்குப் பெருந்தொல்லை. வானொலி வரும் திசையை நோக்கி வண்டிகளில் விரைந்து, காட்டிலும் மேட்டிலும் அலைந்து தேடினர். செயற்கைக் கோள்களின் உதவியால் இடத்தைக் காட்டும் புவியிடங்காட்டி அமெரிக்கப் படைத்துறையால் அமைக்கப்பட்டது. பொதுமக்கள் பெறும் குறிப்பில் அது வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. அதன்பின் சிறு கருவியும் சில மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சுட்டியது. மின்னிலக்கப் புகைப்படக் கருவியின் விலையும் எடையும் குறைந்தன. கைப்பேசி எல்லார் பையிலும் ஏறியது. பூட்டியிருந்த கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

2006 செப்டம்பரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணாக்கர் ஏற்றிய ‘நோவா-1’ ஏறத்தாழ 32 கிலோமீட்டர் உயரத்திலிருந்து படங்களைக் கொணர்ந்தது. 2009 பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டுக் கட்டலோனியாவைச் சேர்ந்த லா பிஸ்பால் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர், தம் ஆசிரியர் வழிகாட்ட, 30 கிலோமீட்டருக்கு மேல் கருவியை ஏற்றிப் படமெடுத்தனர். 2012 ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரைச் சேர்ந்த பதினேழு வயது மாணவர் இருவர், நாட்டுக்கொடி ஏந்திய சிறு லெகோ பொம்மையை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினர். கருவானத்தின் முன் அப்பொம்மை நிற்கும் படம் உலகெங்கும் பரவியது.

இவை எல்லாவற்றினும் ஆசிரியர் உள்ளத்தைக் கவர்வது 2008 டிசம்பரில் நடந்த முயற்சியாகும். கேம்பிரிட்ஜ் மாணாக்கர் அவ்வூர்ப் பள்ளிகளின் 11 முதல் 13 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, நான்கு கரடிப் பொம்மைகளை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினர். பொம்மைகளுக்கு வேண்டிய விண்ணுடைகளைப் பிள்ளைகளே வடிவமைத்தனர். எந்தப் பொருள் குளிரைத் தடுக்கும் என்பதைக் கண்டறிவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. வெப்பம் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம், ஒரு பொம்மையைக் குளிரிலிருந்து காக்கும் பொறுப்பாக மாறியது. பொறுப்பு வந்தவிடத்துப் பாடம் மறப்பதில்லை.

ஏறும் வழியும் இறங்கும் வழியும்

இப்பலூன் ஏறும் முறை எளியது. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கும். புறப்படும்போது இரண்டு மீட்டர் அளவு அகலமுள்ள பலூன், விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறினால் 30 கிலோமீட்டரை எட்ட ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும். அங்குக் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. வெளி அழுத்தம் குறையக் குறையப் பலூன் விரிந்து, ஒரு வீட்டின் அளவுக்குப் பருத்து, ரப்பர் தாங்கமாட்டாத நிலையில் வெடிக்கிறது. முதலில் மெலிந்த காற்றில் கல்லெனப் பாயும் பெட்டி, காற்று அடர அடர வான்குடையால் வேகம் தணிந்து தரை சேர்கிறது.

எளிய முறையாயினும் தவறுவதற்கு வழிகள் பல. கடுங்குளிரில் மின்கலம் வலுவிழக்கும். கண்ணாடி வில்லையில் பனி படரும். சில புவியிடங்காட்டிகள் 18 கிலோமீட்டருக்கு மேல் வேலை செய்யா. ஏவுகணை செய்வோர் கைக்கு அவை உதவிவிடக் கூடாது என்பதற்காக வகுத்த வரம்பு அது. கைப்பேசியோ உயரத்தில் தொடர்பிழந்துவிடும். பெட்டி கண்காணாமற் போன அந்த ஒரு மணி நேரத்தில், ஏற்றியவர்கள் காத்திருப்பது தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

கிடைத்த படத்தைப் படிப்பதிலும் நேர்மை வேண்டும். விண்வெளியின் எல்லையாகப் பெரிதும் கொள்ளப்படுவது 100 கிலோமீட்டர். பலூன் எட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அதனை அண்மை விண்வெளி என்பதே பொருந்தும். 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் விரிகிறது. பூமியின் வளைவு உண்மையாகவே புலப்படுகிறது. ஆனால் அகன்ற காட்சிக்குரிய வில்லை நேர்கோட்டையும் வளைத்துக் காட்டும் இயல்புடையது. படத்தில் தோன்றும் வளைவு முழுவதையும் பூமியின் வளைவாகக் கொள்ளுதல் பிழை. தைசெராங் த போர் தம் கருவியை ஐயுற்றதுபோல், மாணவரும் தம் வில்லையை ஐயுறப் பழகுதல் வேண்டும்.

பொறுப்புகளும் உண்டு. வானூர்திகள் செல்லும் வழியை ஊடறுத்தே பலூன் ஏறுகிறது. நான்கு கிலோகிராமுக்குக் குறைந்த சுமையை உலக வான்போக்குவரத்து விதிகள் இலேசான வகையில் சேர்த்தபோதிலும், அந்தந்த நாட்டு வான்துறையின் சட்டத்தை அறிந்து நடத்தல் இன்றியமையாதது. வெளியேறிய ஹீலியம் திரும்பக் கிடைப்பதில்லை. வெடித்த ரப்பர்த் துண்டுகள் நிலத்திலும் கடலிலும் விழுகின்றன. வானைப் பார்க்கும் ஆர்வம் மண்ணை மறக்கச் செய்தலாகாது.

ஊர் கூடி இழுத்த தேர்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோர், 148 வெள்ளி எதற்கெல்லாம் கொடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தல் நலம். பலூனுக்கும் வாயுவுக்கும் பெட்டிக்கும் கருவிகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. ஆளின்றி ஏற்றும் முறைக்கு விலை கொடுக்கப்படவில்லை. அதற்குரிய விலையை 1875-இல் இருவர் உயிராகக் கொடுத்திருந்தனர். ஏறி வெடிக்கும் ரப்பர்ப் பலூன் அஸ்மானின் கொடை. இடங்காட்டும் செயற்கைக் கோள்கள் ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம்.

இன்னொரு கடனும் உண்டு. பெட்டி எங்கு விழும் என்று முன்கூட்டிக் கணிப்பதற்கு மேல்வானின் காற்றுப் போக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து தெரிகிறது? உலகெங்கும் ஏறத்தாழ 900 நிலையங்கள் நாள்தோறும் பெரும்பாலும் இருமுறை வானிலைப் பலூன்களை ஏற்றுகின்றன. கிரீனிச்சில் நள்ளிரவும் நண்பகலும் ஆகும் நேரங்களே அவற்றுக்கு அளவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது காலை எட்டு மணியும் இரவு எட்டு மணியுமாகும். பகை நாடுகளும் அக்கணக்கைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன. பெயர் தெரியாத பணியாளர் வெயிலிலும் மழையிலும் ஏற்றும் அப்பலூன்களின் கணக்கை வைத்தே, மாணவர் தம் ஒற்றைப் பலூனின் வழியைக் கணிக்கின்றனர்.

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பர். தேர் நிலைக்கு வரும் வேளையில் வடத்தைப் பிடித்திருக்கும் சிறுவன், தானே தேரை இழுத்து வந்ததாக மகிழ்வான். அம்மகிழ்ச்சி பொய்யன்று, அவனும் இழுத்தவனே. ஆனால் வடத்தில் தனக்கு முன் பதிந்த கைகளை அவன் அறிந்துகொள்வானானால், மறுமுறை இன்னும் வலுவாக இழுப்பான். அக்கைகளைக் காட்டிக் கொடுப்பதே வரலாற்றுப் பாடத்தின் வேலை.

அந்தப் படத்தில் நீலக் கோடாகத் தெரியும் காற்று, உயிர்கள் அனைத்துக்கும் உள்ள ஒரே போர்வை. அது இத்துணை மெல்லியது என்று அறிவதற்கு ஒரு நூற்றாண்டு உழைப்பும் பல உயிர்களும் தேவைப்பட்டன. இன்று ஒரு பள்ளிப்பிள்ளை அதனைத் தன் பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டுகிறான். அதன் விலை 148 வெள்ளி அன்று என்பதையும் அவன் உணர்ந்துகொண்டால், அவன் கையில் இருப்பது வெறும் படமாக நில்லாது. வழிவழியாக வந்து அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பாக நிற்கும்.